9 ‘ஏ’யும் 35 புள்ளியும்: மலையகப் பாடசாலைப் பெறுபேறுகளை வாசிக்கும் விதம்

இலங்கையில் தரம் 11 முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேறு வெளியாகிச் சில நாட்களுக்குள் ஹட்டன், தலவாக்கலை, நாவலப்பிட்டி, பண்டாரவளை பஸ் நிலையங்களைச் சுற்றிப் பதாகைகள் ஏறிவிடும். 9 ஏ பெற்ற பிள்ளைகளின் படங்கள் மேல் வரிசையில், 8 ஏ பெற்றவர்கள் அடுத்த வரிசையில், அதிபர் ஓரத்தில். சில பதாகைகளில் எல்லாரையும்விடப் பெரிதாக ஓர் அரசியல்வாதியும் சிரித்துக்கொண்டிருப்பார். பிள்ளை படித்ததில் அவருக்கு என்ன பங்கு என்று எவரும் கேட்பதில்லை.

பெருமைப்படுவதில் பிழையில்லை. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தின் 10க்கு 12 அடி அறையில், அடுப்புப் புகைக்கும் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சிக்கும் நடுவே படித்து ஒன்பது பாடங்களிலும் ஏ எடுப்பது சாதாரண காரியமல்ல. ஆனால் அந்தப் பதாகையைக் கொண்டு ஒரு பாடசாலையை எடைபோட முடியாது. மேல் வரிசையில் இருப்பவர்கள் ஒரு கைவிரல்களுக்குள் அடங்கிவிடுவார்கள். பரீட்சை எழுதியவர்கள் அதைப்போல் பல மடங்கு. அவர்களோடு தரம் 6இல் சேர்ந்து, பரீட்சை மண்டபம்வரை வராமலே போனவர்களைப் பதாகை அறியாது. மலையகத்துப் பாடசாலை ஒன்றின் நிலையைச் சொல்லக்கூடியவை இரண்டு: கணிதத்தில் சித்திக்கான 35 புள்ளி என்ற கோட்டை எத்தனை பேர் எப்படித் தாண்டினார்கள், தாண்டிய பிள்ளைக்கு முன்னால் எந்தெந்தப் பாடத்துறைகள் திறந்திருக்கின்றன. மற்றதெல்லாம் அலங்காரம் என்பதே என் எண்ணம்.

இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடசாலை நடத்தும் கடமையைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் விட்டது. 6 வயது முதல் 10 வயதுவரை தாய்மொழியில் எழுதப் படிக்கக் கற்றால் போதும் என்பதே அந்த ஏற்பாட்டின் எல்லை. ஓர் ஆசிரியர், மடுவம் என்ற ஒரு கொட்டகை, ஐந்து வகுப்புகள். பத்து வயதைத் தாண்டிய பிள்ளையைக் கொழுந்துக் கூடை எதிர்பார்த்திருந்தது. 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா காலத்து இலவசக் கல்வி நாட்டின் மற்றப் பிள்ளைகளுக்கு மத்திய கல்லூரிகளைத் திறந்துவிட்டபோது, தோட்டப் பாடசாலைகள் அந்த வளையத்துக்கு வெளியிலேயே நின்றன. 1948இன் குடியுரிமைச் சட்டமும் அதையொட்டி 1949இல் வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் அவற்றுக்காகப் பேசக்கூடியவர்களின் வாக்கையும் பறித்தன. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையான பிறகுதான் பாடசாலைகளைப் பற்றிய பேச்சு வந்தது. 1977இல் தொடங்கி அடுத்த சில ஆண்டுகளில் அவை படிப்படியாக அரசின் கைக்கு வந்தன.

ஆண்டுகளைக் கூட்டிப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். 1980இல் முதலாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, ஒரு வகுப்பிலும் தங்காமல் ஏறியிருந்தாலும், தரம் 13 முடிவில் உயர்தரம் எழுதுவது 1990களின் தொடக்கத்தில்தான். இன்று ஐம்பது வயதைத் தாண்டிவிட்ட அந்தத் தலைமுறைதான் அரச தோட்டப் பாடசாலையில் முழுமையாகப் படித்த முதல் தலைமுறை. சுவீடனின் உதவியில் கட்டடங்கள் எழுந்ததும், ஜெர்மனியின் உதவியில் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி தோன்றி மலையக இளைஞர்களை ஆசிரியர்களாக்கத் தொடங்கியதும் 1980களின் நடுப்பகுதிக்குப் பிறகு நடந்தவை. நாட்டின் மற்றப் பகுதிகள் மூன்று, நான்கு தலைமுறைகளாக ஏறிய படியை இங்கே ஒன்றரைத் தலைமுறைக்குள் ஏறவேண்டியிருந்தது.

நகரங்களின் கதை வேறு. ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரி 1892இல் மெதடிஸ்த மிஷனரிகள் தொடங்கியது. நாவலப்பிட்டி கதிரேசன், புசல்லாவை சரஸ்வதி, பண்டாரவளை தமிழ் மத்திய கல்லூரி போன்றவை ஏதோ ஒரு வகையில் நகரத்து வணிகர்களும் படித்தவர்களும் தாங்கிப் பிடித்தவை. 1960களில் மலையகத்திலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனவர்களில் கணிசமானோர் இத்தகைய நகரப் பாடசாலைகளின் வழியாகப் போனவர்கள். ஹைலன்ஸில் ஆசிரியராகவும் பின்னர் அதிபராகவும் இருந்த இர. சிவலிங்கம் போன்றவர்கள் பாடத்தோடு நிற்காமல் பிள்ளைகளுக்கு மேடையையும் வாசிப்பையும் அரசியலையும் பழக்கினார்கள். நகரப் பாடசாலைக்கும் தோட்டத்தின் உட்பிரிவான டிவிஷனில் உள்ள பாடசாலைக்கும் இடையிலான தூரம் அப்போதே விழுந்தது. இன்றும் அது மூடவில்லை.

கல்வி அமைச்சு இந்தத் தூரத்துக்கு ஒரு பெயர்வரிசை வைத்திருக்கிறது. உயர்தரத்தில் விஞ்ஞான, கணிதத் துறைகள் வரை உள்ள பாடசாலை 1ஏபி. கலையும் வர்த்தகமும் மட்டும் உள்ளது 1சி. தரம் 11 உடன் முடிவது வகை 2. ஆரம்ப வகுப்புகளோடு, சிலவேளை தரம் 8 உடன், நிற்பது வகை 3. தோட்டங்களுக்குள் இருக்கும் பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவை கடைசி இரண்டு வகைகளுக்குள் அடங்கும். எனவே ஒரு பிள்ளையின் வருங்காலத்தில் பாதி, அது எந்த டிவிஷனில் பிறந்தது, அந்த டிவிஷனிலிருந்து எந்த ரோட்டுக்கு எத்தனை மைல் என்பதில் தங்கிவிடுகிறது.

அந்த மைல்கள் நடக்கப்படும் விதத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். பாடசாலை காலை 7.30க்குத் தொடங்கும். தாய் தோட்டத்துக் காலை ஆளெடுப்பான பெரட்டுக்குப் போகவேண்டியதால் வீட்டு அடுப்பு அதற்கும் முன்பே அணைந்துவிடும். மழைக் காலத்தில் குறுக்குப் பாதையால் இறங்கும் பிள்ளைகள் காலுறைக்குள் சவர்க்காரம் தேய்த்துக்கொள்வார்கள், அட்டைக்காக. அப்படியும் முதலாம் பாடவேளையில் யாராவது ஒருவர் காலிலிருந்து இரத்தம் வடிவதைக் கண்டு பக்கத்து வாங்கில் சத்தம் எழும். தலை நரைத்த ஆசிரியர்கள் அதற்காகப் பாடத்தை நிறுத்துவதில்லை. ஒரு துண்டுக் கடதாசியை எடுத்து ஒட்டச் சொல்லிவிட்டுத் தொடர்வார்கள். நனைந்த சப்பாத்துகளை வகுப்பு வாசலில் வரிசையாகக் கழற்றிவைத்துவிட்டு வெறும் காலோடு சீமெந்துத் தரையில் உட்கார்ந்திருக்கும் தரம் 10ஐ ஜூன் மாதத்தில் மஸ்கெலியாப் பக்கம் எந்தப் பாடசாலையிலும் காணலாம்.

கட்டடம் பெரும்பாலும் ஒரே நீண்ட மண்டபம். அலுமாரியும் கரும்பலகையும்தான் சுவர். ஒரு பக்கம் தரம் 8இன் வரலாறு, மறுபக்கம் தரம் 9இன் ஆங்கிலம். நடுவில் இருக்கும் பிள்ளைக்கு இரண்டும் பாதி பாதி. தகரக் கூரையில் பெருமழை இறங்கும்போது இந்தச் சிக்கலும் தீர்ந்துவிடும், ஏனென்றால் அப்போது எவர் பேசுவதும் எவருக்கும் கேட்காது. ஆசிரியர் பேச்சை விட்டுவிட்டு எழுதத் தொடங்குவார். பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள். ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கங்களில் தென்மேற்குப் பருவமழைக் காலத்தின் கற்பித்தலில் கணிசமான பங்கு இப்படிப் பார்த்தெழுதுதலாகவே கழிகிறது. வகுப்பில் கேள்வி கேட்கும் பழக்கம் குறைவு என்று வெளியிலிருந்து வரும் ஆலோசகர்கள் அறிக்கை எழுதுகிறார்கள். கேட்டால் யாருக்குக் கேட்கும்?

மழையைப் பற்றிச் சொல்லும்போது பரீட்சை நாட்காட்டியையும் சொல்லவேண்டும். முன்பு உயர்தரம் ஓகஸ்டிலும் சாதாரண தரம் டிசம்பரிலும் நடந்தன. கொரோனாவும் 2022இன் பொருளாதார நெருக்கடியும் அந்த ஒழுங்கைக் குலைத்துவிட்டன. 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் சாதாரண தரப் பரீட்சை மே மாதத்தில் வந்தது. மேற்குச் சரிவில் மழை இறங்கத் தொடங்கும் மாதம் அது. உயர்தரம் நவம்பருக்கு வந்து நின்றது. பதுளை, பசறை, வெலிமடைப் பக்கங்களில் வடகீழ்ப் பருவமழையும் மண்சரிவும் அப்போதுதான். 2024 நவம்பர் கடைசியில் சீரற்ற காலநிலையால் பரீட்சை சில நாட்கள் நிறுத்தப்பட்டது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலைநாட்டைப் புரட்டிப் போட்டபோது பரீட்சை மீண்டும் நடுவில் நின்றது. எஞ்சிய பாடங்களை 2026 ஜனவரியில் எழுதினார்கள். பாதை உடைந்து, வீடு போய், முகாமாக மாறிய பாடசாலையில் படுத்தெழும்பி, அதன்பின் மிச்சப் பாடத்தை எழுதிய பிள்ளையின் புள்ளியும் கொழும்புப் பிள்ளையின் புள்ளியும் ஒரே அளவுகோலால் அளக்கப்படுகின்றன. அளவுகோல் நேர்மையானதுதான். அளக்கப்படும் நிலம்தான் சமமாக இல்லை.

பிள்ளைகள் வகுப்பிலிருந்து கழன்று போவதற்கு இரண்டு வாசல்கள் உண்டு. முதலாவது மரியாதையான வாசல்: தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை. தோட்டப் பாடசாலை ஐந்து வருடம் பாடுபட்டுத் தயாரித்த கெட்டிக்காரப் பிள்ளை வெட்டுப்புள்ளியைத் தாண்டியதும் நகரப் பாடசாலைக்குப் போய்விடும். போகவேண்டாம் என்று எந்த ஆசிரியர் சொல்வார்? ஆனால் ஆறு வருடம் கழித்து அதே பிள்ளையின் 9 ஏ நகரப் பாடசாலையின் பதாகையில் ஏறும். அந்தப் பிள்ளைக்கு எழுத்தறிவித்த தோட்டப் பாடசாலை, எஞ்சியவர்களைக் கொண்டு எடுத்த பெறுபேற்றோடு கல்வி வலயக் கூட்டத்தில் தலைகுனிந்து நிற்கும். ஹட்டன் வலயத்துக்குள் இரு பாடசாலைகளின் சித்தி வீதத்தை அடுத்தடுத்து எழுதி ஒப்பிடும்போது இந்த வடிகட்டலைக் கணக்கில் எடுக்காவிட்டால் அந்த ஒப்பீட்டுக்கு அர்த்தமே இல்லை.

இரண்டாவது வாசல் தீபாவளி. கொழும்பில் கடையிலோ ஹோட்டலிலோ வேலை செய்யும் அண்ணன்மார் புதுச் சட்டையோடும் நல்ல கைத்தொலைபேசியோடும் ஊருக்கு வருவார்கள். விடுமுறை முடிந்து பாடசாலை திறக்கும்போது தரம் 10இன் வரவு இடாப்பில் இரண்டு மூன்று பையன்களின் பெயருக்கு நேராகச் சுழியம் விழத் தொடங்கும். கட்டாயக் கல்வி வயது 2016இல் 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டிருக்கிறது. சட்டம் அதிபரின் மேசையில் இருக்கிறது. பையன் கொழும்புப் புறக்கோட்டையில் இருக்கிறான். வீட்டுக்குப் போய்க் கேட்டால் தகப்பன் சண்டை போடுவதில்லை. “அவன் படிக்கமாட்டேன் என்கிறான் சேர், நான் என்ன செய்ய?” என்பார். அந்தப் பையனுக்குக் கணிதத்தில் கடைசியாகக் கிடைத்த புள்ளி என்ன என்று பார்த்தால் பெரும்பாலும் இருபதுக்குக் கீழே இருக்கும். வறுமை மட்டும் அவனைக் கொண்டுபோகவில்லை. தரம் 7இலேயே பாடம் அவனைக் கைவிட்டிருக்கிறது; மிச்சமிருந்த மூன்று வருடம் அவன் வகுப்பில் சும்மா உட்கார்ந்திருந்தான்.

இங்கேதான் 35 புள்ளி வருகிறது. சாதாரண தரத்தில் 75இலிருந்து ஏ, 65இலிருந்து பி, 50இலிருந்து சி, 35இலிருந்து எஸ். அதற்குக் கீழே சித்தியில்லை. உயர்தரம் படிக்க ஆறு பாடங்களில் சித்தி வேண்டும். அவற்றுள் முதன்மொழியும் கணிதமும் இருக்கவேண்டும். மூன்று பாடங்களிலாவது சி வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. தமிழிலும் சமயத்திலும் நடனம், சங்கீதம் போன்ற பாடங்களிலும் மலையகப் பிள்ளைகள் சிக்குக் குறையாமல் எடுத்துவிடுவார்கள். தடுக்கி விழுவது கணிதத்தில். அதனால் வலயக் கல்விப் பணிமனை முதல் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் வரை எல்லாருடைய நெருக்குதலும் ஓர் இடத்தில் குவிகிறது: எப்படியாவது 35.

எப்படியாவது என்பதற்கு ஒரு செய்முறை இருக்கிறது. தரம் 11இன் கடைசிப் பருவத்தில் பிற்பகல் வகுப்புக்குள் போய் உட்கார்ந்தால் அது கண்ணுக்கு நேரே தெரியும். வினாத்தாள் இரண்டு. முதலாவதில் பகுதி அ: இரண்டு புள்ளி வீதம் 25 சிறு வினாக்கள். பகுதி ஆ: பத்துப் புள்ளி வீதம் 5 வினாக்கள். இரண்டாம் தாளில் 12 வினாக்கள் வரும், 10 செய்யவேண்டும். மொத்தம் 200 புள்ளி. 70 எடுத்தால் 35. ஆசிரியர் கரும்பலகையின் ஓரத்தில் கணக்குப் போட்டுக் காட்டுவார்: சிறு வினாவில் பதினைந்து சரி, 30 புள்ளி. பகுதி ஆவில் பின்னமும் சதவீதமும், 10. இரண்டாம் தாளில் வரைபு ஒன்று, மீடிறன் அட்டவணையிலிருந்து இடை காண்பது ஒன்று, தொடைகள் (கணங்கள்) ஒன்று, கவராயமும் அடிமட்டமும் கொண்டு செய்யும் அமைப்பு ஒன்று. ஒவ்வொன்றிலும் ஏழோ எட்டோ. கூட்டினால் 70. கதவு திறந்துவிட்டது.

அந்த ஆசிரியரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வரைபு வினாவை அவர் கற்பிக்கும் அழகே தனி. அச்சுகளுக்கு அளவிடை எடு, அட்டவணையில் விடுபட்ட பெறுமானத்தைக் காண், புள்ளிகளைக் குறி, கையை எடுக்காமல் ஒப்பமாக இணை, சமச்சீர் அச்சை எழுது. விளங்கினாலும் விளங்காவிட்டாலும் இந்த வரிசை தவறக்கூடாது. பென்சில் கூர் இல்லாத பிள்ளையை வகுப்புக்கு வெளியே அனுப்பிக் கூராக்கிக்கொண்டு வரச் சொல்வார், ஏனென்றால் தடித்த கோடு ஒரு புள்ளியைத் தின்றுவிடும். நாற்பது தடவை போட்ட வரைபை நாற்பத்தோராவது தடவை மண்டபத்தில் நடுங்கும் கையால் போடுகிறபோதும் வளையி பிசகாது. பதினாறு வயதுப் பிள்ளை ஒன்று “எனக்கும் கணக்கு வருகிறது” என்று முதன்முறையாக நம்பும் இடம் அநேகமாக அந்த வரைபுத் தாள்தான்.

ஆனால் இந்தச் செய்முறையில் விடப்பட்டவை எவை என்று பாருங்கள். வட்டத் தேற்றங்களும் நிறுவல்களும் விடப்பட்டன. திரிகோணகணிதம் மேலோட்டமாகப் போனது. மடக்கை, மடக்கை அட்டவணை பார்ப்பதோடு நின்றது. அட்சரகணிதத்தில் கடினமான பகுதி தொடப்படவே இல்லை. உயர்தரத்தில் இணைந்த கணிதமும் பௌதிகவியலும் கட்டப்படுவது இந்த விடப்பட்ட கற்களின் மேல்தான். 35க்காகப் பயிற்றப்பட்ட வகுப்பில் 60 எடுக்கக்கூடிய பிள்ளைகளும் சிலர் இருப்பார்கள். நாற்பது பேரைக் கரைசேர்க்க ஓடும் ஆசிரியருக்கு அந்தச் சிலருக்கென்று தனியாக ஒரு பாடவேளை கிடையாது. பாடசாலையின் சித்தி வீதம் உயர்கிறது, பத்திரிகையில் பாராட்டு வருகிறது. அதே வேளையில் அந்தப் பாடசாலையிலிருந்து ஒரு பொறியியலாளர் வரும் வாய்ப்பு இன்னும் சிறிது சுருங்குகிறது.

அப்படியே ஒரு பிள்ளை கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் பி, ஏ என்று எடுத்து வந்தாலும் அடுத்த கேள்வி: எங்கே படிப்பது? தமிழ்மொழி மூலம் விஞ்ஞானமும் கணிதமும் முழு ஆசிரியர் குழுவோடு நடக்கும் பாடசாலைகள் நகரங்களில்தான் இருக்கின்றன. பௌதிகவியலுக்கு ஆசிரியர் இருந்தால் இரசாயனவியலுக்கு இருக்கமாட்டார். இருவரும் இருந்தால் விஞ்ஞானகூடத்துக்குத் தண்ணீர் வராது. 2013இல் தொழில்நுட்பத் துறை அறிமுகமானபோது நல்ல நம்பிக்கை பிறந்தது; அதற்கும் ஆய்வுகூடமும் ஆசிரியரும் வேண்டும் என்பதால் அதுவும் ரோட்டோரப் பாடசாலைகளிலேயே தங்கிக்கொண்டது. கலைத்துறைக்கோ ஒரு வகுப்பறையும் மூன்று ஆசிரியர்களும் போதும். ஆகவே கலைத்துறை எங்கும் இருக்கிறது. கெட்டிக்காரப் பிள்ளைகள் தமிழ், புவியியல், அரசியல் விஞ்ஞானம் என்று எடுத்து, பட்டம் பெற்று, ஊருக்கு வந்து தமிழும் புவியியலும் அரசியல் விஞ்ஞானமும் கற்பிக்கிறார்கள். அவர்களிடம் படித்த பிள்ளைகளும் அதையே எடுக்கிறார்கள். செக்கு மாடு நடப்பதுபோல இந்த வட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது. கலைத்துறை இளக்காரமானது என்று சொல்லவரவில்லை. மலையகத்தின் குரலாக எழுந்தவர்களில் பெரும்பாலோர் அங்கிருந்து வந்தவர்கள். வேறு வழியில்லாமல் எடுப்பதும் விரும்பி எடுப்பதும் ஒன்றல்ல என்பதே என் வாதம்.

இந்த வட்டத்தை உடைக்க வெளியிலிருந்து ஆசிரியர்கள் வந்தார்கள். வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் முதல் நியமனம் பெற்றுக் குளிருக்கும் தனிமைக்கும் நடுவே பல வருடம் இருந்து விஞ்ஞானம் கற்பித்தவர்களை இங்குள்ள பழைய மாணவர்கள் இன்றும் பெயர் சொல்லி நினைக்கிறார்கள். ஆனால் கட்டாயச் சேவைக் காலம் முடிந்ததும் அவர்கள் ஊர் திரும்புவது இயல்பு. திரும்பிய இடத்தில் ஓட்டை விழும். அந்த ஓட்டையை அடைக்க 2015ஆம் ஆண்டளவில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கென்று உதவி ஆசிரியர்கள் சேர்க்கப்பட்டார்கள். உயர்தரம் முடித்த இளைஞர்கள். மாதக் கொடுப்பனவு முதலில் 6,000 ரூபாய், பின்னர் 10,000. பயிற்சி முடித்து நிரந்தரமாகும்வரை அந்தத் தொகையில் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் கணக்குப் பார்த்துக்கொண்டுதான் அவர்கள் கற்பித்தார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் என்பதால் ஊரைவிட்டு ஓடவில்லை என்பது இதில் நல்ல பக்கம். பௌதிகவியலுக்கு ஆள் கிடைக்கவில்லை என்பது மாறாத பக்கம்.

பல்கலைக்கழக அனுமதியில் இதெல்லாம் எப்படிப் பிரதிபலிக்கிறது என்பதில் ஊரில் நிறையக் குழப்பம் இருக்கிறது. 2001 முதல் இஸட் புள்ளி நடைமுறையில் உள்ளது. ஒரு பாடத்தில் நீங்கள் எடுத்த புள்ளி, அந்தப் பாடத்தை எழுதிய எல்லாருடைய சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதை அது அளக்கிறது. அதனால்தான் 3 ஏ எடுத்த ஒருவரைவிட 2 ஏ, பி எடுத்த இன்னொருவர் சிலவேளை முன்னே நிற்கிறார். மருத்துவம், பொறியியல் போன்ற கற்கைநெறிகளில் 40 சதவீத இடங்கள் நாடளாவிய தகுதிக்கு. 55 சதவீதம் மாவட்டங்களுக்கு, அவற்றின் மக்கள்தொகைக்கு ஏற்ப. 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியதாக வகுக்கப்பட்ட மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் இந்தக் கடைசிப் பட்டியலில் உள்ளன. இதைக் கேட்டதும் மலையகத் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தனிச் சலுகை இருப்பதாகப் பலர் எண்ணிக்கொள்கிறார்கள்.

அப்படியில்லை. ஒதுக்கீடு மாவட்டத்துக்கு, சமூகத்துக்கும் மொழிக்கும் அல்ல. 2012இன் குடிசன மதிப்பீட்டில் நுவரெலியா மாவட்ட மக்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் இந்தியத் தமிழர் என்று பதிவானார்கள். அந்தத் தலைகள் மாவட்டத்தின் பங்கைப் பெரிதாக்குகின்றன. ஆனால் அந்தப் பங்குக்குப் போட்டியிடும்போது நகரத்துத் தேசியப் பாடசாலைப் பிள்ளையும் மேல் டிவிஷன் பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். தமிழ்மொழி மூலம் விஞ்ஞானம் கற்பிக்கும் வகுப்புகளே குறைவு என்னும்போது யாருடைய தலையை எண்ணி இடம் கிடைத்ததோ அவர்களுக்கு அந்த இடம் கிடைப்பதில்லை. போதாததற்கு, வெட்டுப்புள்ளி குறைவான மாவட்டம் என்பதற்காக வெளிமாவட்டப் பிள்ளைகள் இங்குள்ள பாடசாலைகளில் உயர்தரத்துக்குச் சேர்கிறார்கள் என்ற முறைப்பாடு வெகுகாலமாக இருக்கிறது. அப்படி வரும் பிள்ளைகளைத் திட்டிப் பயனில்லை. அவர்கள் விதியைப் படித்தவர்கள். அவர்கள் வந்து அமரும் வாங்கில் உட்கார்ந்திருக்கவேண்டிய உள்ளூர்ப் பிள்ளையை இரண்டு வருடத்துக்கு முன்னால் எந்த வகுப்பறை தவறவிட்டது என்பதைத்தான் கேட்கவேண்டும்.

ரியூஷன் பற்றி ஒரு வார்த்தை. உயர்தர விஞ்ஞானம் இன்று பாதி ரியூஷனில் நடக்கிறது. ஹட்டனிலும் பதுளையிலும் சனி, ஞாயிறுகளில் அதற்கென்றே கூட்டம் இறங்கும். கட்டணத்தோடு பஸ் காசும் மதியச் சாப்பாடும் சேர்ந்தால் நாட்கூலி வாங்கும் வீட்டுக்கு ஒரு பிள்ளையே அதிகம். இரண்டாவது பிள்ளை கலைத்துறைக்குப் போவதன் காரணம் பல வீடுகளில் இவ்வளவுதான். 1947இல் நிறுவப்பட்ட இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம் உயர்தர, பல்கலைக்கழக மாணவர்களுக்கு இன்றும் உதவித்தொகை வழங்கிவருகிறது. விண்ணப்பம் பற்றிய அறிவித்தல் டிவிஷன்வரை வந்து சேருமா என்பது அந்தந்தப் பாடசாலை அதிபரின் சுறுசுறுப்பைப் பொறுத்தது.

மாற்றம் இல்லவே இல்லை என்று எழுதினால் பொய்யாகும். உள்ளூரில் பிறந்து, பேராதனையிலோ யாழ்ப்பாணத்திலோ விஞ்ஞானப் பட்டம் முடித்து, வேறு வேலை கிடைத்தும் போகாமல் சொந்த வலயத்துக்கே ஆசிரியராக வந்தவர்கள் இப்போது அங்கொருவர் இங்கொருவராக இருக்கிறார்கள். அப்படி ஒருவர் ஏழெட்டு வருடம் ஒரே பாடசாலையில் தங்கினால் அங்கே நடப்பது தெளிவாகத் தெரிகிறது. முதல் இரண்டு வருடம் இணைந்த கணிதத்துக்கு நாலு பிள்ளைகள். அவர்களில் ஒருவர் பல்கலைக்கழகம் போனதும் அடுத்த தொகுதியில் பத்துப் பேர். தரம் 9இல் படிக்கும் தம்பி தங்கைகள் வட்டத் தேற்றத்தை விட்டுவிடலாமா என்று கேட்பதை நிறுத்துகிறார்கள். தரம் 11 ஆசிரியருக்கும் 35க்கு மேல் கற்பிக்க ஒரு காரணம் கிடைக்கிறது. கட்டடமோ வெளிநாட்டு உதவியோ செய்யாததை நகராமல் இருந்த ஓர் ஆள் செய்துவிடுகிறார்.

அவரும் ஒருநாள் வருடாந்த இடமாற்றப் பட்டியலில் வருவார். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பாடசாலை கேட்பது அவருடைய உரிமை. மூன்று பஸ் மாறி வந்து கற்பித்தவர் அவர். பதிலாள் வரும்வரை விடுவிக்க முடியாது என்று அதிபர் கடிதத்தை மேசை லாச்சிக்குள் வைத்துக்கொள்வார். அதுவும் பாடசாலையின் நன்மைக்காகத்தான். இருவருக்கும் இடையில் சில மாதம் இழுபறி நடந்து, பணிமனையிலிருந்து நினைவூட்டல் வந்து, கடைசியில் ஆசிரியர் போவார், பதிலாள் வரமாட்டார். தரம் 12இல் இணைந்த கணிதம் படித்துக்கொண்டிருப்பவர்களில் வசதியுள்ள இருவர் நகரப் பாடசாலைக்கு விடுகைப் பத்திரம் கேட்பார்கள். மற்றவர்களைக் கூப்பிட்டு, புவியியலுக்கு இன்னும் தவணை தொடங்கி அதிக நாளாகவில்லை, இப்போது மாறினாலும் பிடித்துவிடலாம் என்று பிரதி அதிபர் சொல்வார்.